கவிதையியல் வந்த வழி: அரிஸ்டாட்டிலின் மூலமும் உரைமரபும்

இலக்கியத் திறனாய்வு பற்றிய கட்டுரைகளில் ‘அரிஸ்டாட்டில் கூறுவர்’ என்னும் தொடர் பலவிடங்களிற் பயின்று வருதலைக் காண்கிறோம். நாடகம் காலம், இடம், செயல் என்னும் மூவகை ஒருமையும் பெற்றிருத்தல் வேண்டுமென அவர் விதித்தார் என்பர். துன்பியல் நாடகத் தலைவன் தன் குணக்குறை ஒன்றனால் வீழ்வான் என அவர் மொழிந்தார் என்பர். துன்பியல் நாடகம் காண்போர் உள்ளத்தைத் தூய்மை செய்து அறநெறிப்படுத்தும் என அவர் நிறுவினார் என்பர். மாணவர் ஏடுகளில் மட்டுமன்றி ஆய்வேடுகளிலும் இக்கூற்றுகள் ஐயமின்றி எடுத்தாளப்படுகின்றன. ஆயின் இவற்றுள் முதலாவது அவர் நூலில் அவ்வடிவில் இல்லை. இரண்டாவது அவர் ஆண்ட சொல்லின் மேல் பிற்காலத்தார் ஏற்றிய பொருள். மூன்றாவது அவர் விளக்காது விட்ட ஒரு சொல்லைப் பற்றி எழுந்த கொள்கைகள் பலவற்றுள் ஒன்று.

கிரேக்க மெய்யியல் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலக அறிவின் மீது செல்வாக்குச் செலுத்தி வருகிறது என்பது யாவரும் உடன்படுவதே. அச்செல்வாக்கு எவ்வழியாக நிலைத்தது என்பதே ஆராய்தற்குரியது. அரிஸ்டாட்டிலின் நூல்களுள் அளவாற் சிறியதாகிய கவிதையியல் இதனை ஆராய்தற்கு ஏற்ற சான்றாகும். மூலநூலின் சொல்லும் அச்சொல்லின் பொருளும் எப்பொழுதும் ஒரே வழியில் பயணம் செய்வதில்லை என்பதும், பொருளை இழந்தவர்கள் சொல்லைக் காத்தலும் பொருளை மிகுத்துரைத்தவர்கள் நூலைப் பரப்புதலும் ஒரு நூலின் வரலாற்றில் இயல்பாக நிகழ்வன என்பதும் இக்கட்டுரையில் காட்டப்பெறும்.

பிளேட்டோவின் வினா

கி.மு. 384இல் ஸ்டகைரா என்னும் ஊரிற் பிறந்த அரிஸ்டாட்டில் தம் பதினேழாம் அகவையில் ஏதென்ஸ் நகருக்கு வந்து பிளேட்டோவின் கல்விக் கழகத்திற் சேர்ந்தார். ஆசிரியர் மறைந்த கி.மு. 347 வரையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கேயே பயின்றார். ஆகவே கவிதை பற்றிய அவர் கருத்துகளைப் பிளேட்டோவின் கருத்துகளோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் கவிதையின் மீது இரு குற்றங்களைச் சாட்டினார். கவிஞன் செய்வது போலச் செய்தல். உண்மையான வடிவத்தைப் பார்த்துத் தச்சன் கட்டில் செய்கிறான். அக்கட்டிலைப் பார்த்து ஓவியன் வரைகிறான். கவிஞனும் ஓவியனைப் போலவே உண்மைக்கு மூன்றாம் நிலையில் நிற்கிறான் என்பது முதற்குற்றம். அறிவால் அடக்கப்பட வேண்டிய உணர்ச்சிகளைக் கவிதை நீர் பாய்ச்சி வளர்க்கிறது என்பது இரண்டாவது. இவ்வாறு கூறிய பிளேட்டோ, கவிதை நாட்டிற்குப் பயனுடையது என்று எவரேனும் உரைநடையில் வாதிட்டால் கேட்கச் சித்தமாக இருப்பதாகவும் அவ்விடத்திலேயே குறிப்பிட்டார்.

அவ்வழைப்பிற்குத் தக்க விடையாகக் கவிதையியலை அறிஞர் பலர் கொள்வர். அரிஸ்டாட்டில் பிளேட்டோவின் பெயரைச் சுட்டி மறுக்கவில்லை; எனினும் இரு குற்றச்சாட்டுகளுக்கும் மறுமொழி நூலில் உண்டு. போலச் செய்தல் மனிதனுக்குக் குழந்தைப் பருவந்தொட்டு இயல்பாக அமைந்தது. மனிதன் அதனாலேயே முதன்முதற் கற்கிறான். நேரிற் காணப் பொறாதவற்றையும் அவற்றின் படிவங்களிற் கண்டு மகிழ்கிறான் என்று நான்காம் இயலில் அவர் கூறுகிறார். ஒன்பதாம் இயலில், நிகழ்ந்ததைக் கூறும் வரலாற்றைவிட நிகழக்கூடியதைக் கூறும் கவிதை மெய்யியலுக்கு அணுக்கமானது என்றும், அது பொதுமையை உணர்த்துவது என்றும் நிறுவுகிறார். உணர்ச்சி பற்றிய இரண்டாம் குற்றச்சாட்டிற்குரிய விடை, ஆறாம் இயலில் துன்பியல் நாடகத்திற்கு அவர் வகுத்த இலக்கணத்தின் இறுதியில் வரும் ‘கதார்சிஸ்’ என்னும் ஒரு சொல்லில் அடங்கியுள்ளது.

கைக்கு எட்டிய நூலின் நிலை

நமக்குக் கிடைத்துள்ள கவிதையியல் இருபத்தாறு இயல்களைக் கொண்டது. செப்பஞ்செய்து வெளியிடப்பெற்ற நூலாக அன்றி, மாணாக்கர்க்குப் பாடஞ்சொல்லும் பொருட்டு எழுதப்பெற்ற குறிப்புகளாகவே அது தோன்றுகிறது. பல வாக்கியங்கள் சூத்திரம் போற் சுருங்கியவை, சில குறைவுற்றவை. ஆறாம் இயலின் தொடக்கத்தில் இன்பியல் நாடகத்தைப் பற்றிப் பின்னர்க் கூறுவதாக ஆசிரியர் வாக்களிக்கிறார், அப்பகுதி இன்றில்லை. டயோஜினிஸ் லெயர்ட்டியஸ் தரும் பட்டியலில் இந்நூல் இரு பகுதிகளை உடையதாகக் குறிக்கப்பெற்றிருத்தலின், இரண்டாம் பகுதி மறைந்துபோயிற்று என்று கொள்வர்.

இவ்விழப்பினும் வருந்தத்தக்க இழப்பு வேறொன்றுண்டு. தம் ‘அரசியல்’ நூலின் எட்டாம் பகுதியில் இசையைப் பற்றிப் பேசுமிடத்துக் கதார்சிஸ் என்னும் சொல்லை ஆண்ட அரிஸ்டாட்டில், அதன் விளக்கத்தைக் கவிதை பற்றிய நூலில் தெளிவாகத் தருவதாகக் கூறுகிறார். ஆயினும் இன்றுள்ள கவிதையியலில் நாடக இலக்கணத்தினுள் அச்சொல் ஒருமுறையே வருகிறது. பதினேழாம் இயலில் மீண்டும் வருவது ஓரஸ்டஸுக்குச் செய்யப்பெற்ற சடங்கு முறைத் தூய்மையைக் குறிப்பதாகலின் அது விளக்கத்திற்கு உதவுவதன்று.

பாக்தாதில்: சொல் தங்கியது, பொருள் மறைந்தது

அப்பாசியர் ஆட்சிக் காலத்தில் பாக்தாத் நகரில் கிரேக்க மருத்துவ, மெய்யியல் நூல்கள் பெருந்தொகையாக மொழிபெயர்க்கப்பெற்றன. இப்பணியிற் சிரியாக் மொழி பேசிய கிறித்தவ அறிஞர் முதன்மையான இடம் பெற்றனர். பல நூல்கள் கிரேக்கத்திலிருந்து சிரியாக்கிற்கும், அதிலிருந்து அரபிக்கும் சென்றன. கவிதையியலும் அவ்வாறே சென்றது. அதன் சிரியாக் மொழிபெயர்ப்பில் இன்று எஞ்சியிருப்பது ஒரு சிறு பகுதியே. அதனை அரபியில் ஆக்கியவர் கி.பி. 940இல் மறைந்த அபூ பிஷ்ர் மத்தா. அவர் கிரேக்கம் அறியாதவர். அவர்தம் மொழிபெயர்ப்புப் பாரிஸ் நகரில் உள்ள ஒரே கையெழுத்துப் படியால் நமக்குக் கிடைத்துள்ளது.

மத்தா எதிர்கொண்ட இடர் மொழியறிவுக் குறையினால் மட்டும் நேர்ந்ததன்று. அரபு இலக்கியத்திற் கிரேக்க முறையிலான நாடக அரங்கு இல்லை. ஆகவே துன்பியல் நாடகத்தைக் குறித்த சொல்லை அவர் ‘புகழ்ப்பாட்டு’ என்றும், இன்பியல் நாடகத்தைக் குறித்த சொல்லை ‘வசைப்பாட்டு’ என்றும் பெயர்த்தார். தமிழ் மரபிற் கூறின், ஒன்றைப் பாடாண் என்றும் மற்றொன்றை அங்கதம் என்றும் பெயர்த்ததை ஒக்கும். பிறழ்ச்சியே எனினும் இதற்கு நூலிலேயே ஓர் ஏது உண்டு. துன்பியல் நம்மினும் உயர்ந்தோரையும் இன்பியல் நம்மினும் தாழ்ந்தோரையும் காட்டுமென அரிஸ்டாட்டில் கூறியிருத்தலின், உயர்ந்தோரைப் பாடுவது புகழ், தாழ்ந்தோரைப் பாடுவது வசை எனத் தம் இலக்கிய மரபின்வழி அவர் கொண்டனர்.

அரபு மெய்யியலார் கவிதையியலை அளவையியல் நூல்களின் வரிசையில் வைத்துக் கற்றனர். பிற்கால அலெக்சாந்திரிய உரையாசிரியர்கள் வகுத்த வைப்புமுறை அது. அதனால், கவிதை எவ்வாறு மனத்தில் உருத்தோற்றங்களை எழுப்பிக் கேட்போரை ஒன்றன்பால் ஈர்க்கிறது அல்லது ஒன்றினின்று விலக்குகிறது என்னும் வினா அவர்களுக்கு முதன்மையாயிற்று. கி.பி. 950இல் மறைந்த அல்-பராபியும், இப்னு சீனாவும் (980–1037) இவ்வினாவை நுணுகி ஆராய்ந்தனர். நூலின் ஒரு பகுதி தம்மை எட்டவில்லை என்பதையும் இப்னு சீனா உணர்ந்து குறித்தார். கொர்தோவாவைச் சார்ந்த இப்னு ருஷ்து (1126–1198) தம் உரையிற் கிரேக்க எடுத்துக்காட்டுகள் பலவற்றை நீக்கி அரபுக் கவிதைகளை அமைத்தார். போலச் செய்தல் என்பதை உவமையும் உருவகமுமாக விளக்கினார். அரங்கு மறைந்தது, அணியியல் அதனிடத்தைப் பெற்றது. ஆயினும் கவிதை அறிவுக்குப் புறம்பானதன்று, ஆராயத்தக்க ஒழுங்குடையது என்னும் அடிப்படை மட்டும் மறையவில்லை.

இலத்தீனில்: இரு மொழிபெயர்ப்புகள்

1256இல் ஜெர்மானியரான ஹெர்மன் என்பவர் தொலேதோ நகரில் இப்னு ருஷ்துவின் உரையை இலத்தீனாக்கினார். மூலத்தையே மொழிபெயர்க்க முயன்றதாகவும், அதன் அருமை நோக்கி உரையை மேற்கொண்டதாகவும் அவர் தம் முன்னுரையிற் கூறுகிறார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1278இல், மோர்பெக்கே வில்லியம் என்பவர் கிரேக்க மூலத்திலிருந்தே சொல்லுக்குச் சொல்லாக ஓர் இலத்தீன் மொழிபெயர்ப்பைச் செய்தார்.

இவ்விரண்டனுள் எது பரவியது? மூலத்திற்கு அணுக்கமான வில்லியத்தின் மொழிபெயர்ப்பு இரண்டே கையெழுத்துப் படிகளில் எஞ்சியுள்ளது. ஹெர்மனின் நூலோ பல படிகளாகப் பரவி 1481இல் வெனிஸ் நகரில் அச்சும் ஏறியது. கவிதை என்பது நல்லோரைப் புகழ்ந்தும் தீயோரை இகழ்ந்தும் அறம் புகட்டுவது என்னும் எண்ணம் அக்கால ஐரோப்பியக் கல்வியில் முன்னரே வேரூன்றியிருந்தது. இப்னு ருஷ்துவின் உரை அதற்கு இயைந்தது. வில்லியம் தந்த நூலோ எவரும் கண்டிராத நாடகங்களைப் பற்றிப் பேசியது. படிப்போர் வினவும் வினாவிற்கு விடை தரும் நூலே வாழும் என்பதும், வினா எழாத காலத்திற் செம்மையான பாடமும் உறங்கும் என்பதும் இதனாற் புலனாகும்.

மூவகை ஒருமை எழுந்த வரலாறு

பதினைந்தாம் நூற்றாண்டிற் கிரேக்கச் சுவடிகள் இத்தாலிக்குப் பெருகி வந்தன. அவற்றுள் ஒன்று இன்று பாரிசில் உள்ளதும் கவிதையியலின் கிரேக்கப் பிரதிகளுள் மிகப் பழையதுமான பத்தாம் நூற்றாண்டுச் சுவடி. 1498இல் ஜியார்ஜியோ வல்லாவின் இலத்தீன் மொழிபெயர்ப்பும், 1508இல் வெனிஸ் நகர ஆல்டஸ் அச்சகத்தின் கிரேக்கப் பதிப்பும் வெளிவந்தன. 1548இல் ரொபோர்டெல்லோ விரிவான உரை கண்டார். இதன் பின்னர் உரைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின.

செயல் ஒருமையை அரிஸ்டாட்டில் வற்புறுத்தியது உண்மை. ஒருவனைப் பற்றியது என்பதனால் மட்டும் கதை ஒருமை பெறாது; ஒரு பகுதியை எடுத்தால் முழுமையும் சிதையுமாறு பகுதிகள் இயைந்திருத்தல் வேண்டும் என்பது எட்டாம் இயலின் கருத்து. காலத்தைப் பற்றி ஐந்தாம் இயலில் ஒரு குறிப்பே உண்டு. துன்பியல் நாடகம் இயன்றவரை ஞாயிற்றின் ஒரு சுற்றுக்குள் அடங்க முயல்கிறது, அல்லது அதனைச் சிறிதே கடக்கிறது என்று தம் காலத்து வழக்கை அவர் எடுத்துரைக்கிறார். இடத்தைப் பற்றி விதி எதுவும் இல்லை.

வழக்கைக் கூறிய வாக்கியத்தை உரையாசிரியர்கள் விதியாக்கினர். ஞாயிற்றின் ஒரு சுற்று என்பது பகற்பொழுதாகிய பன்னிரண்டு மணி நேரம் என்றார் ரொபோர்டெல்லோ. இருபத்துநான்கு மணி நேரம் என்றார் செக்னி. 1570இல் காஸ்டெல்வெத்ரோ இட ஒருமையையும் சேர்த்து மூன்றையும் ஒருங்கே வலியுறுத்தினார். அவையோர் உணவும் உறக்கமும் வேண்டாது எத்துணைப் பொழுது அமர்ந்திருக்க இயலும் என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. கிரேக்க நாடகங்களையே நோக்கின் இவ்விதி நிலைபெறாது. ஈஸ்கிலஸின் ‘யூமெனிடிஸ்’ நாடகத்தில் நிகழிடம் டெல்பியிலிருந்து ஏதென்ஸுக்கு மாறுகிறது. சோபோக்ளிஸின் ‘ஏஜாக்ஸ்’ நாடகத்திலும் களம் மாறுகிறது.

ஆயினும் அவ்விதி பிரான்சு நாட்டில் ஆட்சி பெற்றது. 1637இல் கொர்னேயின் ‘லெ சித்’ அரங்கேறி மக்களின் பெரும் பாராட்டைப் பெற்றபொழுது, ஒரு நாளுக்குள் இத்தனை நிகழ்ச்சிகளா என வினவி எதிர்ப்பு எழுந்தது. 1635இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சுக் கழகம் அந்நாடகத்தின் குற்றங் குறைகளை ஆராய்ந்து தீர்ப்பு வெளியிட்டது. 1660இல் நாடகம் பற்றி மூன்று உரைகளை எழுதிய கொர்னேய், விதியை மறுக்கத் துணியாது, முப்பது மணி நேரம் வரையில் நீட்டிக்கொள்ள இசைவு வேண்டினார். அரிஸ்டாட்டில் இட்டிராத தளையைத் தளர்த்த அரிஸ்டாட்டிலின் சொல்லிலேயே இடந்தேடினார் என்பது நோக்கத்தக்கது. 1765இல் சாமுவேல் ஜான்சன் ஷேக்ஸ்பியர் பதிப்பின் முன்னுரையில் கால இட ஒருமைகளை மறுத்தார். 1767 முதல் 1769 வரை வெளிவந்த ‘ஹாம்பர்க் நாடகவியல்’ கட்டுரைகளில் லெஸ்ஸிங், பிரெஞ்சு நாட்டார் அரிஸ்டாட்டிலைப் பிறழ உணர்ந்தனர் எனக் காட்டி, மூலத்தை மீண்டும் ஓதுமாறு தூண்டினார்.

இரு சொற்கள்

பதின்மூன்றாம் இயலில் வரும் ‘ஹமார்த்தியா’ என்பதனைக் குணக்குறை எனப் பொருள்கொள்ளும் வழக்கு ஆங்கில நூல்களின் வாயிலாக நம்மிடையேயும் பரவியுள்ளது. அச்சொல்லின் வேர்ப்பொருள் குறி தவறுதல். ஹோமர் காப்பியத்தில் எறிந்த வேல் இலக்கைத் தவறுதலை அதன் வினைச்சொல் குறிக்கும். அரிஸ்டாட்டிலின் அறவியல் நூலும், தீய உள்ளம் இன்றி அறியாமையால் இழைக்கும் பிழையை இவ்வேரிலிருந்து பிறந்த சொல்லாற் சுட்டுகிறது. அவர் எடுத்துக்காட்டும் ஈடிபஸ் தன் தந்தையை இன்னாரென அறியாது கொன்றவன்.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி அளவில் நின்றுவிடுவதன்று. தகாத துன்பம் உற்றவனைக் கண்டே இரக்கம் பிறக்கும் என்று அதே இயலில் அரிஸ்டாட்டில் கூறுகிறார். தலைவன் தன் குணக்குறையால் வீழ்ந்தான் எனின் அவன் துன்பம் தண்டனையாகும். தண்டனையைக் காண்பார்க்கு இரக்கம் குன்றும். எனவே குணக்குறை என்னும் விளக்கம் அவர்தம் கொள்கையின் அடித்தளத்தோடு முரணுகிறது. நல்லவன் ஒருவன் அறியாமற் செய்த பிழைக்கு அளவிறந்த துயர் உறுதல் கூடும் என்னும் கொடிய உண்மையை ஏற்க மனமின்றி, துன்புற்றவனிடம் குற்றங்காண விழைந்த பிற்காலத்தாரின் அறவுணர்ச்சியே அவ்விளக்கத்தைத் தோற்றுவித்தது எனலாம்.

கதார்சிஸ் என்னும் சொல்லின் வரலாறு இன்னும் விரிந்தது. உணர்ச்சிகளைத் தூய்மையாக்கி நற்பண்புகளாக மாற்றுதல் என்று லெஸ்ஸிங் கொண்டார். 1857இல் யாக்கோப் பெர்னேஸ், அது மருத்துவச் சொல் என்றும், தேங்கிய உணர்ச்சிகளை வெளியேற்றி ஆறுதல் தருவதே அதன் பொருள் என்றும் ‘அரசியல்’ நூலின் சான்றுகொண்டு வாதிட்டார். 1962இல் லியான் கோல்டன், கற்றலால் வரும் இன்பத்தைப் பேசும் நான்காம் இயலை அடிப்படையாகக் கொண்டு, அறிவுத் தெளிவு என விளக்கினார். மூன்றற்கும் நூலில் சார்பு உண்டு. ஒன்றை மட்டும் முடிந்த முடிபாக ஆசிரியர் மேல் ஏற்றுதற்கு இடமில்லை. பெர்னேஸ், சிக்மண்ட் பிராய்டின் மனைவிக்குப் பெரிய தந்தை முறையினர். பிராயரும் பிராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் தம் உளமருத்துவ முறைக்குக் கதார்சிஸ் என்னும் பெயரையே வழங்கினர். நாடக இலக்கணத்தில் ஒருமுறை வந்த சொல் இவ்வாறு மருத்துவமனை வரையிற் சென்றது.

பெயரில்லாத கலை

இதுகாறும் கூறியவற்றால் அரபு மொழிபெயர்ப்பாளர் பொருளை இழந்தவர் என்றும், அவர்தம் நூல் இன்று பயனற்றது என்றும் ஒருவர் கருதக்கூடும். அக்கருத்தை மறுக்கும் சான்று கவிதையியலின் முதலியலிலேயே உள்ளது.

அங்கு அரிஸ்டாட்டில் இசையின்றி மொழியை மட்டும் கருவியாகக் கொண்ட கலையைப் பற்றிப் பேசுகிறார். சோப்ரனின் உரைநடை நாடகத் துணுக்குகளும் சாக்ரடீஸ் உரையாடல்களும் ஒரே வகையின என்றும், செய்யுளில் எழுதியமை பற்றி இயற்கை நூல் செய்த எம்பெடாக்ளிசை ஹோமரோடு சேர்த்துக் கவிஞர் என்றல் பொருந்தாது என்றும் அவர் காட்டுகிறார். ஆயின் கிரேக்கச் சுவடிகளில் அப்பகுதியின் முதல் வாக்கியம் சிதைந்து, காப்பியத்தை மட்டும் பற்றியது போல நின்றது. முன்னர்க் கூறிய பெர்னேஸ், அவ்விடத்திற் ‘பெயரில்லாதது’ என்னும் பொருளுடைய சொல் விடுபட்டிருத்தல் வேண்டுமெனக் கருத்தளவையாற் கண்டார். பின்னர் மத்தாவின் அரபு மொழிபெயர்ப்பை ஒப்புநோக்கியபொழுது, இக்கலைக்கு இன்றளவும் பெயர் இல்லை என்னும் கருத்து அங்கே தெளிவாக இருந்தது.

அரங்கைக் கண்டறியாத ஒருவர், தமக்கு முழுதும் விளங்காத ஒரு நூலைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தமையால், கிரேக்கர் கையிலேயே அழிந்துபோன ஒரு சொல் காக்கப்பெற்றது. இலக்கியம் என்று நாம் இன்று கூறுவதற்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும் என்று முதன்முதல் உணர்ந்தவரின் சொல் அது. 1887இல் மார்கோலியத் அரபுப் பாடத்தை வெளியிட்டுக் கிரேக்க மூலத்தைத் திருத்த அதனைப் பயன்படுத்தினார். 1928இலும் 1932இலும் ட்காட்ச் என்பாரின் விரிவான பதிப்பு வியன்னாவில் வெளிவந்தது. 2012இல் தாரானும் குத்தாசும் கிரேக்கச் சுவடிகளோடு சிரியாக், அரபு, இலத்தீன் மொழிபெயர்ப்புகளையும் ஆராய்ந்து செம்பதிப்பு ஒன்றை வெளியிட்டனர். இன்று மூலபாடத்தை நிறுவுவோர் பாக்தாதையும் மோர்பெக்கே வில்லியத்தையும் ஒதுக்கிவிட்டுச் செல்ல இயலாது.

முடிபு

கவிதையியலின் வரலாற்றை நோக்குமிடத்து, ஒரு நூலின் செல்வாக்கு வேறு, அந்நூலின் கருத்து வேறு என்பது தெளிவாகிறது. அரபு மெய்யியலார் அதனின்று கற்பனை பற்றிய கொள்கையை ஆக்கினர். இத்தாலியர் நாடக விதிகளை ஆக்கினர். பெர்னேஸின் மரபில் வந்தோர் உளநூற் கொள்கையை ஆக்கினர். 1948இல் தம் அரங்கக் கொள்கையைத் தொகுத்த பிரெக்ட், அரிஸ்டாட்டில் நெறி அல்லாத நாடகம் என்றே தம் நாடகத்தைக் குறித்துவந்தவர். எதிர்ப்பும் அவர் பெயரைச் சார்ந்தே நின்றது. இவையெல்லாம் பிறழ்ச்சிகள் எனத் தள்ளத்தக்கன அல்ல. தத்தம் காலத்து வினாக்களுக்கு அறிஞர் கண்ட விடைகள். தள்ளத்தக்கது ஒன்றே: அவ்விடைகளை அரிஸ்டாட்டிலின் வாய்மொழியாக உரைத்தல்.

உரையாசிரியரின் துணையின்றி மூலத்தை அணுகுதல் அரிது என்பதைத் தமிழ் பயில்வார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நூற்பா எது, உரை எது என்று பகுத்தறிந்து எழுதுதலும் நம் கல்வி மரபிற் புதியதன்று. தொல்காப்பியத்தை மேற்கோள் காட்டும்பொழுது இளம்பூரணர் கருத்தையோ நச்சினார்க்கினியர் கருத்தையோ அவரவர் பெயராற் கூறும் நாம், மேலைநாட்டு நூலை எடுத்தாளும்பொழுதும் அந்நெறியை மேற்கொள்ளுதல் வேண்டும். மூவகை ஒருமையைக் கூறுங்கால் காஸ்டெல்வெத்ரோவின் பெயரையும், உணர்ச்சி வெளியேற்றத்தைக் கூறுங்கால் பெர்னேஸின் பெயரையும் கூறுதல் நேரிது. அங்ஙனம் எழுதப்புகின், ஒரு நாடகத்தை விதியால் அளந்து குறை கூறுமுன் அவ்விதி யாருடையது என்று வினவும் பழக்கம் நம் ஆய்வில் நிலைபெறும்.